பின் பெஞ்சில் உட்கார்ந்தவள்

உங்க மேல கோபம்னு நெனச்சுக்கிடாதீங்க. பஸ்ல ஏறுனதும் பையைத் தள்ளி வைங்கன்னு சொன்னது கொஞ்சம் வெடுக்குன்னு வந்துருச்சு. இன்னைக்கு என் மூஞ்சியே அப்படித்தான் இருக்கு. நீங்க பேங்க்ல வேலை பாக்குறீங்க, இல்ல? பாத்தாலே தெரியுது. என்னது, தாலுகா ஆபீஸா? சரி, எதா இருந்தா என்ன.

நீங்களே சொல்லுங்க. உங்க ஆபீஸ்ல நேத்து வந்து சேர்ந்த ஒரு பொண்ணு, நாற்காலியை இழுத்துப் போட்டு உங்க முதுகுக்குப் பின்னாடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பாத்துட்டு, "அக்கா, நீங்க ஜனங்க சொல்ல வர்றதை முழுசாக் கேக்குறதில்ல"ன்னு சொன்னா விடுவீங்களா? விட மாட்டீங்க. யாரு விடுவா. எனக்கு அதுதான் நடந்துச்சு.

நான் கணக்கு டீச்சர். இந்த ஊர்ல பொம்பளப்பிள்ளைங்க பள்ளிக்கூடம் ஒண்ணே ஒண்ணுதானே, அங்கதான். தமயந்தி மிஸ்ஸுன்னு கேட்டுப் பாருங்க. உங்க தெருவுலயே நாலு பேரு என்கிட்ட படிச்சிருப்பாங்க. பத்தாம் வகுப்புக் கணக்குன்னா நான்தான். என் கிளாஸ்ல குண்டூசி விழுந்தா சத்தம் கேக்கும். பெருமைக்குச் சொல்லல. வராண்டாவுல போறவங்க உள்ள பிள்ளைங்க இருக்காங்களா இல்லையான்னு எட்டிப் பாத்துட்டுப் போவாங்க. அப்படி இருக்கும்.

இந்த வருஷம் புது எச்.எம். வந்தாங்க. இந்திராணின்னு பேரு. தஞ்சாவூர்ப் பக்கம். ஏதோ பயிற்சிக்குப் போயிட்டு வந்து, காலாண்டுப் பரீட்சை முடிஞ்ச கையோட ஒரு மீட்டிங் போட்டாங்க. இனிமே ரெண்டு ரெண்டு பேராச் சேர்ந்து ஒருத்தர் கிளாஸ்ல இன்னொருத்தர் போய் உட்காரணுமாம். பாத்ததைப் பாத்தபடி சொல்லணுமாம். நல்லாருக்கு, நல்லால்லன்னு தீர்ப்புச் சொல்லக்கூடாதாம். அதையும் தனியா, அவங்க ரெண்டு பேருக்குள்ளதான் பேசிக்கிடணுமாம். "இது இன்ஸ்பெக்ஷன் இல்ல. நம்ம முதுகு நமக்குத் தெரியாது. பக்கத்துல இருக்கிறவங்கதான் பாத்துச் சொல்லணும்"னாங்க.

எனக்கு அப்பவே இது பிடிக்கல. ஆனாலும் நேர்மையாச் செய்யிறதுன்னா செய்வோமேன்னு இருந்தேன்.

மத்தவங்க செஞ்ச கூத்தைக் கேளுங்க. வனஜான்னு ஒருத்தி, சோசியல் டீச்சர். அவளும் தமிழ் ஐயாவும் ஒரு ஜோடி. ரெண்டு பேரும் ஒருத்தர் கிளாசை ஒருத்தர் எட்டிக்கூடப் பாக்கல. ஸ்டாஃப் ரூம்ல சமோசாவை வாங்கி வச்சுக்கிட்டு, "ஐயா பாடம் நடத்துனா அருவி கொட்டுற மாதிரி இருக்கு"ன்னு இவ சொல்ல, "அம்மா வரலாறு சொன்னா கண்ணு முன்னாடி தெரியுது"ன்னு அவரு சொல்ல, எச்.எம். கேட்டா ரெண்டு பேரும் ஒரே குரல்ல பலன் இருந்துச்சு மேடம்ங்கிறது. எண்ணெய்க் கையைச் சேலையில தொடச்சுக்கிட்டே சொல்றா. அருவருப்பா இருந்துச்சு எனக்கு. இதுக்கு அந்தத் திட்டமே இல்லாம இருக்கலாம். என்ன ஜென்மங்கன்னு தோணுச்சு. நான் அப்படிப்பட்டவ இல்ல. மனசுல பட்டதைச் சொல்லிருவேன்.

எனக்கு ஜோடியாப் போட்டது பொன்செல்வின்னு ஒரு பொண்ணை. சயின்ஸ். வந்து ஒரு வருஷம்கூட ஆகல. கவர்மெண்ட் போஸ்ட் இல்ல, பள்ளிக்கூட நிர்வாகம் குடுக்கிற சம்பளம். பக்கத்துக் கிராமம். சைக்கிள்ல வருவா. நான் கணக்கு எடுக்கிற அதே பத்து பி-க்குத்தான் அவளும் சயின்ஸ் எடுத்தா.

முதல்ல நான்தான் அவ கிளாசுக்குப் போனேன். பின் பெஞ்சில உட்கார்ந்தேன். கரண்ட் பாடம். போனதும் போர்டைப் பாத்தேன். தேதி ஒரு மூலையில, படம் ஒரு மூலையில, எழுத்து ஏறி இறங்கிக் கிடக்கு. சரின்னு உட்கார்ந்தேன். அவ கேக்குறா, "கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சீரியல் செட்டு போடுறாங்கல்ல, பழைய செட்டுல ஒரு பல்பு போச்சுன்னா மொத்தமும் அணைஞ்சிரும். ஆனா வீட்டுல அடுப்படி பல்பு போனா நடுவீட்டு பல்பு எரியுதே, ஏன்?"

கேட்டுட்டு நிக்கிறா. சும்மா நிக்கிறா. கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறா. பிள்ளைங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குது. எனக்குப் பதறுது. பாடம் மறந்துபோச்சு போல, பாவம்னு நெனச்சேன். அப்புறம் ஒருத்தி எந்திரிச்சு, வீட்டுல ஃபேன் இருக்குல்ல மிஸ், அதனாலன்னா. தப்புத்தானே? தப்புன்னு சொல்லி உட்கார வைக்கணும்ல? சொல்லல. "ஃபேனை நிறுத்துனா என்ன ஆகும்?"னு கேக்குறா. இன்னொருத்தி ஒண்ணு சொல்றா. ஒருத்தி வீட்டுல வயரிங் பண்ண வந்தவரு என்ன செஞ்சாருன்னு கதை சொல்றா. மூணு பேரு ஒரே நேரத்துல பேசுறாங்க. சந்தைக்கடை தோத்துச்சு.

அப்ப காளீஸ்வரின்னு ஒருத்தி எந்திரிச்சா. என் கிளாஸ்ல வாயே திறக்க மாட்டா. ஊமையோன்னு கேப்பாங்க. அவ எந்திரிச்சு, "மிஸ், சீரியல் செட்டுல கரண்டுக்கு ஒரே பாதை மிஸ். வீட்டுல வந்து…"ன்னு இழுக்குறா. இழுத்துக்கிட்டே நிக்கிறா, விரலால காத்துல கோடு போடுறா. அந்தப் பொன்செல்வி அவளையே பாத்துக்கிட்டு நிக்கிறா, ஏதோ குழந்தை முத அடி எடுத்து வைக்கிற மாதிரி. எவ்வளவு நேரம்ங்க பொறுக்கிறது? மணி அடிக்கப்போகுது. நான் எந்திரிச்சு, "பக்க இணைப்பு. வீட்டுல இருக்கிறது பக்க இணைப்பு. சீரியல் செட்டு தொடரிணைப்பு. எல்லாரும் எழுதிக்கோங்க"ன்னேன்.

உடனே அமைதியாயிருச்சு. எல்லாரும் குனிஞ்சு எழுத ஆரம்பிச்சிட்டாங்க. காளீஸ்வரியும் உட்கார்ந்துட்டா. பொன்செல்வி என்னைப் பாத்து, "நன்றி மிஸ்"னா. நன்றி சொன்ன மூஞ்சியா அது? என்னமோ நான் அவ சோத்துல கை வச்ச மாதிரி.

அன்னைக்கு மத்தியானமே கேட்டா, "என்ன பாத்தீங்க மிஸ், சொல்லுங்க"ன்னு. அப்புறம் சொல்றேன்னுட்டேன். எனக்கு என்னன்னா, மூடி மூடிப் பேசுறது பிடிக்காது. உண்மையா இருந்தா நாலு பேரு முன்னாடி சொல்லணும். வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்ல எந்திரிச்சுச் சொல்லிட்டேன். போர்டு ஒழுங்கில்ல. கிளாஸ் கட்டுப்பாட்டுல இல்ல. ஒரு கேள்வியை வச்சுக்கிட்டு ஒரு பீரியடை ஓட்டுறா. தப்பைத் தப்புன்னு சொல்லத் தைரியம் இல்ல. பப்ளிக் எக்ஸாம் எழுதப்போற பிள்ளைங்க, விளையாட்டு இல்ல. எல்லாத்தையும் சொன்னேன். எச்.எம். குறுக்க, "மிஸ், இது தனியாப் பேசவேண்டியது"ன்னாங்க. தனியாப் பேசுனா திருந்துவாங்களா மேடம்னு கேட்டேன். அவங்க நோட்டை மூடி வச்சிட்டாங்க.

பொன்செல்வி தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தா. காது மடல் சிவந்துபோச்சு. கடைசியில, "சரிங்க மிஸ், பாத்துக்கிடுறேன்"னா. வனஜா மீட்டிங் முடிஞ்சு என்கிட்ட வந்து, "இப்படியா மிஸ் பேசுவீங்க, சின்னப்பொண்ணு"ங்குறா. சமோசா தின்ன வாய்க்கு நியாயம் வேற. நான் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

ஆனா பாருங்க, நான் சொன்னதுல பலன் இருந்துச்சு. அடுத்த வாரம் அந்தப் பக்கமாப் போனப்ப பாத்தேன், என் போர்டு மாதிரியே நடுவுல கோடு போட்டு, இந்தப் பக்கம் படம், அந்தப் பக்கம் குறிப்புன்னு எழுதியிருக்கா. ஓரமா அடிக்கோடுகூட என்னை மாதிரியே. அப்படியே காப்பி. வெக்கம் இருக்கான்னு நெனச்சேன். நாலு பேரு முன்னாடி திட்டு வாங்கிட்டு, திட்டுனவ எழுதுற மாதிரியே எழுதுறதுக்கு ஒரு தோலு வேணும்ல.

அப்புறம் அவ முறை. என் கிளாசுக்கு வந்தா. நான் எப்பவும் போலத்தான் நடத்துனேன். உருளை, கூம்பு கணக்கு. ஒரு உருளை நெறையத் தண்ணி இருக்கு. அதே அடிப்பக்கம், அதே உயரம் உள்ள ஒரு கூம்பை உள்ள முக்கி எடுத்தா மீதித் தண்ணி எவ்வளவு? உருளையோட கனஅளவு கண்டுபிடி, கூம்போட கனஅளவு கண்டுபிடி, இதுல அதைக் கழி. ஒவ்வொரு வரிக்கும் மார்க் இருக்கு. ஒவ்வொரு வரிக்கும் பிள்ளைங்களைக் கேட்டுத்தான் போனேன். அடுத்து என்ன? சூத்திரம். சூத்திரம் என்ன? பை ஆர் ஸ்கொயர் எச். புரிஞ்சுதா? புரிஞ்சுது மிஸ். மொத்தக் கிளாசும் ஒரே குரல்ல சொல்லுச்சு. அவ பின் பெஞ்சில உட்கார்ந்து வாயைப் பிளந்து பாத்துக்கிட்டு இருந்தா. பாக்கட்டும்னு இன்னும் ரெண்டு கணக்கு சேர்த்துப் போட்டேன்.

சாயங்காலம் லேப்ல வச்சுப் பேசலாமான்னு கேட்டா. போனேன். ஸ்டூலைத் தொடச்சுப் போட்டா. முதல்ல, "உங்க போர்டு மாதிரி நான் பாத்ததே இல்ல மிஸ். நான் அதைப் பழகிக்கிட்டு இருக்கேன்"னா. ஐஸ் வைக்கிறா. எனக்குத் தெரியாதா. அப்புறம் மெதுவா ஆரம்பிக்கிறா.

"மிஸ், நான் பாத்ததைச் சொல்லலாமா?"

"சொல்லு."

"நீங்க நெறையக் கேள்வி கேட்டீங்க மிஸ். கேட்டதும் நீங்களே பதிலையும் சொல்லிட்டீங்க. பிள்ளைங்க உங்க கூடச் சேர்ந்து சொன்னாங்க. தனியா ஒருத்தர்கூடச் சொல்லல."

"அதான் மொத்தக் கிளாசும் சொல்லுச்சே."

"ஆமா மிஸ். ஆனா காளீஸ்வரி என் முன்னாடி பெஞ்சுல இருந்தா. நீங்க கணக்கை எழுதி முடிக்கிறதுக்குள்ள பக்கத்துப் பிள்ளைகிட்ட, 'கூம்பு மூணுல ஒரு பங்குதானே, அப்ப மீதி மூணுல ரெண்டு பங்கு தண்ணி'ன்னு சொல்லிட்டா. சரியாச் சொன்னா. கையைத் தூக்கப் போனா மிஸ். அதுக்குள்ள நீங்க அடுத்த வரிக்குப் போயிட்டீங்க. கையை இறக்கி எழுத ஆரம்பிச்சிட்டா. கேட்டுட்டு கொஞ்ச நேரம் காத்திருந்தீங்கன்னா…"

நான் எந்திரிச்சுட்டேன். இதுக்கு மேல கேக்கணுமா? நீங்களா இருந்தா கேப்பீங்களா? கேக்க மாட்டீங்க. மூணுல ரெண்டுன்னு ஒரே வரியில எழுதுனா ஸ்டெப் மார்க் யாரு குடுப்பா? இவ குடுப்பாளா? அதைவிட எனக்குக் குமட்டுனது என்ன தெரியுமா, பிள்ளைங்க குசுகுசுன்னு பேசுறதை ஒட்டுக்கேட்டு வந்து என்கிட்டயே சொல்றா. பாடத்தைப் பாக்க வந்தவ என்னைப் பாக்கணும். பிள்ளைங்க வாயை எதுக்குப் பாக்குறா? "நீ பாத்தது போதும்மா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

மறுநாள் காளீஸ்வரியை எழுப்பிக் கேட்டேன். "உனக்கு என் வழி பிடிக்கலையோ? குறுக்கு வழி தெரியுமோ? வந்து நடத்துறியா?"ன்னேன். இல்ல மிஸ்னா. "அப்ப வாயை மூடிக்கிட்டு எழுது"ன்னேன். அதுல என்ன தப்பு இருக்கு? பிள்ளை நல்லதுக்குத்தான். பரீட்சையில போய் ஒத்தை வரியில எழுதி வச்சிட்டு வந்தா யாரு அழுவுறது?

எங்க பள்ளிக்கூட செக்ரட்டரி பருப்பு மில் வச்சிருக்காரு. நம்மாளு. என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சவரு. தீபாவளிக்கு அவரு வீட்டுக்குப் போனப்ப, "என்ன டீச்சர், ஸ்கூல் எப்படிப் போகுது?"ன்னு கேட்டாரு. அவராத்தான் கேட்டாரு. நானாப் போய்ச் சொல்லல. பாடம் நடத்துற நேரமெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் வேவு பாக்குறதுலயே போகுது, இதுல போர்ஷன் எங்க முடியப்போகுதுன்னு சொன்னேன். அவ்வளவுதான். சயின்ஸ் எப்படின்னாரு. அந்தப் பொண்ணு ஒரு கேள்வி கேட்டுட்டு அரைமணி நேரம் நிக்குதுன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன். மூணு லைன் சொல்லியிருப்பேன், அதுவும் காபி ஆறுறதுக்குள்ள.

அடுத்த வாரம் எச்.எம்.மைக் கூப்பிட்டுவிட்டாரு. இனிமே யாரும் யாரு கிளாசுக்கும் போகவேண்டாம்னு சுத்தறிக்கை வந்துச்சு. அரையாண்டு முடிஞ்சதும் பொன்செல்வியையும் வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க. அதுக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. நிர்வாகம் எடுத்த முடிவு. எச்.எம். அதுக்கப்புறம் என்கிட்ட குட்மார்னிங்கூடச் சொல்றதில்ல. வனஜா ஸ்டாஃப் ரூம்ல நான் நுழைஞ்சா டீ டம்ளரை எடுத்துக்கிட்டு வெளிய போயிருவா. அவங்க கூட்டத்துக்கு உண்மை பேசுறவங்களைக் கண்டா ஆகாது.

அந்தப் பொண்ணு போற அன்னைக்கு நீங்க பாக்கணும். பத்து பி மொத்தமும் சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு ஒப்பாரி. மூக்கைச் சிந்திக்கிட்டு, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு. சகிக்கல. இவ்வளவு வருஷமா இருக்கேன், எனக்காக ஒரு பிள்ளை அழுது பாத்ததில்ல. அதுல எனக்குப் பெருமைதான். டீச்சர்னா பிள்ளைங்க பயப்படணும், அழக்கூடாது.

போறப்ப என்கிட்டயும் வந்தா. நான் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன். "போயிட்டு வாரேன் மிஸ்"னா. எந்த ஸ்கூலுக்குன்னு கேட்டேன், இன்னும் கிடைக்கலைன்னா. போகாம அங்கயே நிக்கிறா. என்னன்னு நிமிர்ந்து பாத்தேன். "காளீஸ்வரியைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க மிஸ். அவளுக்குக் கணக்கு ரொம்ப நல்லா வரும். உங்ககிட்ட படிச்சா பெருசா வருவா"ன்னா. என் பிள்ளையை என்கிட்டயே ஒப்படைக்கிறா. சரி சரின்னு சொல்லி அனுப்பிட்டேன்.

இப்ப இன்னைக்கு நடந்ததுக்கு வாரேன். இன்னைக்கு பத்து பி-ல ரிவிஷன். என்னமோ காலையில இருந்தே அந்தப் பொண்ணு சொன்னது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு. காத்திருங்க மிஸ், காத்திருங்க மிஸ்ஸுன்னு. சரி, காத்திருந்துதான் பாப்போமே, இது எவ்வளவு பெரிய பொய்யின்னு நமக்காவது தெரியட்டும்னு நெனச்சேன். லேசான கேள்விதான். ஒரு உருளைக்குள்ள ஒரு பந்து சரியாப் பொருந்தி இருக்கு, மேலயும் தொடுது, கீழயும் தொடுது, சுத்தியும் தொடுது. உருளையோட உயரம் பந்தோட ஆரத்தைப்போல எத்தனை மடங்கு? ரெண்டு மடங்கு. பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். கேட்டுட்டு சாக்பீசைக் கீழ வச்சிட்டு நின்னேன்.

ஒருத்தியும் பேசல.

நான் நின்னுக்கிட்டே இருக்கேன். அதுங்களும் பாத்துக்கிட்டே இருக்குதுங்க. ஃபேன் ஓடுற சத்தம் கேக்குது. வெளிய யாரோ பெல்லுக்கிட்ட செருப்பை இழுத்துக்கிட்டுப் போறது கேக்குது. எங்க கிளாஸ்ல இவ்வளவு சத்தம் இருக்குன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். கையை எங்க வைக்கிறதுன்னு தெரியல. கட்டுனேன், அவிழ்த்தேன். அவ எப்படித்தான் நின்னாளோ. பிள்ளைங்க மூஞ்சி மாற ஆரம்பிச்சிருச்சு. பயம். ஏதோ தப்பு நடந்துருச்சு, யாரையோ அடிக்கப்போறேங்கிற மாதிரி. முன் பெஞ்சுக்காரி மெதுவா எந்திரிச்சு, "மிஸ், உடம்பு சரியில்லையா மிஸ்?"னு கேக்குறா. தண்ணி பாட்டிலை நீட்டுறா.

உட்காருன்னேன். மறுபடி நின்னேன். காளீஸ்வரியைப் பாத்தேன். நேராப் பாத்தேன். அவளுக்குத் தெரியும்ங்க. எனக்குத் தெரியாதா, பிள்ளை மூஞ்சியைப் பாத்தா. உதடுகூட லேசா அசைஞ்சுச்சு. சொல்லேன்டின்னு மனசுக்குள்ள சொல்றேன். வாயைத் திறந்து சொல்லல, மனசுக்குள்ளதான். அவ என்னைப் பாத்தா. பாத்துட்டு, பேனா மூடியைக் கழட்டி, தாளைத் திருப்பி வச்சுக்கிட்டு, எழுதுறதுக்குத் தயாரா குனிஞ்சுக்கிட்டா. நான் எப்படியும் சொல்லப்போறேன்ல, அதுக்கு.

திமிருதானே? திமிருதான். வேற என்ன. அந்தப் பொன்செல்வி கெடுத்துட்டுப் போனது. தெரிஞ்சும் சொல்லலைன்னா அதுக்குப் பேரு என்ன? காத்திருந்தா பதில் வரும்ங்கிறது எவ்வளவு பெரிய பித்தலாட்டம்னு பாத்தீங்களா. வரவே இல்லையே. ஒரு சத்தம் வரல.

எவ்வளவு நேரம் அப்படி நின்னேன்னு தெரியல. கால் வலிச்சிருச்சு. அப்புறம் திரும்பி, சாக்பீசை எடுத்து, உயரம் சமம் ரெண்டு ஆர்னு போர்டுல எழுதுனேன். கையெழுத்து என்னைக்கும் இல்லாம கோணிப்போச்சு. அழிச்சிட்டு மறுபடி எழுதுனேன். புரிஞ்சுதான்னு கேட்டேன். புரிஞ்சுது மிஸ்னு மொத்தக் கிளாசும் சொல்லுச்சு. அப்புறம் எல்லாரும் குனிஞ்சாங்க. அத்தனை பேனாவும் ஒண்ணா ஓடுற சத்தம் வந்துச்சு பாருங்க, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.